உஷார்! இடிக்கிற வீட்டில் கல்நார் இருக்கிறதா?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு பழைய பிளாட் இடிபடுகிறது. பில்டரோடு ஜே.வி. (கூட்டு ஒப்பந்தம்) கையெழுத்தானதும் ஆட்கள் சம்மட்டியோடு வந்துவிடுகிறார்கள். பச்சை வலை கட்டியாச்சா, கரண்டைத் துண்டிச்சாச்சா என்றெல்லாம் பார்ப்பவர்கள், மொட்டைமாடியில் பல வருஷமாக வெயிலில் காய்கிற கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட்டைக் கண்டுகொள்வதே இல்லை. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்!

ஷீட் முழுசாகக் கிடக்கிற வரை பெரிய ஆபத்தில்லை. கல்நார் இழையை சிமெண்ட் பிடித்து வைத்திருக்கும். உடைத்தால், அறுத்தால், டிரில் போட்டால்தான் வினை. கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறந்து நுரையீரலில் போய்த் தங்கிவிடும். அன்றைக்கு ஒரு இருமல்கூட வராது. நுரையீரல் புற்றுநோயோ, நுரையீரல் உறையைப் பிடிக்கும் மீசோதீலியோமாவோ தலைகாட்ட 20, 30, ஏன் 40 வருஷம்கூட ஆகலாம். கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது சும்மா இல்லை. இடிக்க வரும் தினக்கூலிக்கு எந்தப் பதிவேடு?

பிரிட்டனில் இடிப்புக்கு முன்பு கல்நார் சர்வே கட்டாயம். அங்கே 1999-லேயே தடை வந்துவிட்டதால் 2000-க்கு முந்தைய கட்டடங்களைச் சந்தேகித்தால் போதும். நமக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. கல்நார்க் கழிவு உள்ளே வரக் கூடாது என்று விதி போட்ட நம் நாடு, புதுக் கல்நாரை மட்டும் தாராளமாக இறக்குமதி செய்கிறது! 2016 வர்தா புயலில் பறந்ததற்குப் பதிலாகப் போட்ட ஷீட்டும் சந்தேகக் கேஸ்தான்.

மாடி ஷெட், கார் ஷெட், மோட்டார் ரூம் எல்லாம் பாருங்கள். சுவரோடு இறங்கும் சாம்பல் நிற மழைநீர்க் குழாயை விட்டுவிடாதீர்கள். பழைய பிளம்பர்கள் ஏ.சி. (ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்) பைப் என்பது அதைத்தான், குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஷீட்டில் ஐ.எஸ். 459 முத்திரை இருந்தால் அது கல்நார். முத்திரை அழிந்திருந்தால் பார்த்துச் சொல்ல முடியாது, பரிசோதனைக்கூடம்தான் சொல்லும். அதுவரை கல்நார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டி யானையில் ஏறாது என்று வாசலிலேயே ஷீட்டை மிதித்து உடைப்பார்கள் பாருங்கள், விடவே விடாதீர்கள்! தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். போல்ட் துருப்பிடித்திருந்தால் போல்ட்டை வெட்டட்டும், ஷீட்டை அல்ல. மேலே ஏறி நிற்கவும் கூடாது. பழைய ஷீட் ஆளோடு உள்ளே போய்விடும். இறக்கியதைக் கெட்டி பாலிதீனில் இரண்டு சுற்று சுற்றுங்கள். தூளுக்கு விளக்குமாறு ஆகாது, ஈரத்துணிதான். துணி மாஸ்க், சர்ஜிகல் மாஸ்க் இரண்டும் இந்த இழையைத் தடுக்காது. வேலை செய்தவர் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது. ஷீட்டை மற்ற இடிபாட்டோடு கலந்துவிட்டால், பெருங்குடி, கொடுங்கையூர் கட்டடக் கழிவு ஆலைகளில் அதுவும் சேர்ந்து அரைபடும்.

ஷீட்டை யார் இறக்குவது, எப்படி, எங்கே கொண்டுபோவது, செலவு யாருடையது என்பதை ஜே.வி. ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். சம்மட்டி வந்த பிறகு கேட்டால், “வெறும் சிமெண்ட் ஷீட்தான் சார்” என்பார்கள்.