மேடை கீழே இறங்கிய கதை

“ஜே... கே... பி... ஓ... செமிகோலன்.”

மடிக்கணினி அசராமல் இப்படி வாசித்துக்கொண்டிருந்தது. சோதித்துப் பார்க்க வந்திருந்த பார்வையற்ற ஆசிரியர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “என்ன சார் சொல்லுது?” என்று கேட்டேன். “தமிழ்னு சொல்லுதும்மா!” என்றார்.

பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடிக்க அழுத்த வேண்டிய விசைகள் அவை. கண்ணுக்குத் தெரிவது தமிழ், கணினிக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். என்விடிஏ என்கிற திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தானே வாசிக்கும்? மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. யூனிகோடில் இருந்தால் தமிழைக் கடகடவென்று வாசித்துவிடும். கருத்தரங்கத்துக்கு வந்திருந்த கட்டுரைகளில் 17 பாமினியில். நான்கு ஆய்வு மாணவர்கள் தேநீரும் கையுமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ‘தமிழ் வாழ்க’ என்று முடிந்த கட்டுரையும் பாமினியில்தான் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி. மறுநாள் காலை இலக்கியக் கருத்தரங்கம். எல்லோரும் கருத்தரங்கத்துக்குப் போவார்கள். எனக்கு அதன் முந்தின நாளைப் பார்க்க ஆசை. அதிலும் இந்த முறை வருகிறவர்களில் சக்கர நாற்காலிக்காரர்கள், பார்வையற்றவர்கள், காது கேளாதவர்கள் உண்டு என்று தெரிந்ததும், கெஞ்சிக் கூத்தாடி உள்ளே நுழைந்துவிட்டேன். பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளி கண்ட ஊர் இது. ஊருக்கு இருக்கும் அந்தப் பழக்கம் கருத்தரங்கக் கூடங்களுக்கு இன்னும் வரவில்லை.

பெரிய கூத்து மேடையில் நடந்தது. சாய்தளம் வைத்து வாசலைக் கடக்க ஏற்பாடு ஆகியிருந்தது. சக்கர நாற்காலிக்கு இடம், குடிநீர், சாப்பாட்டு மேசை எல்லாம் யோசித்திருந்தார்கள். முதல் அமர்வில் பேச வருகிறவரே சக்கர நாற்காலியில் வருபவர் என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை! நம் ஊரில் மாற்றுத்திறனாளி என்றால் கீழே உட்கார்ந்து கேட்கிறவர். மேலே ஏறிப் பேசுகிறவர் இல்லை. “நாலு பையன்களை வச்சுத் தூக்கிரலாம்” என்று ஒருவர் யோசனை சொல்ல, அதை அப்படியே போனில் பேச்சாளரிடம் கேட்டும் விட்டார்கள். பதில் வந்தது: “நான் பேச வர்றேன்யா. சப்பரத்துல வரல.”

பந்தல்கார அண்ணாச்சியை அழைத்தார்கள். “எட்டடிப் பலகை ஒண்ணு போட்டுத் தாரேன், சரியாப் போகும்” என்றார். பேராசிரியை ஒருவர் கணக்குச் சொன்னார். 1:12 என்பது விதி. அதாவது ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம் வேண்டும். மேடை உயரம் 2½ அடி. 30 அங்குலம். அப்படியானால் 30 அடி! அண்ணாச்சி நம்பாமல் டேப்பை எடுத்து இழுத்துக்கொண்டே போனார். முதல் வரிசை போயிற்று, நான்காம் வரிசை போயிற்று, இன்னும் போகிறார். “இன்னும் கொஞ்சம் இழுத்தா சாப்பாட்டுப் பந்திக்கே போயிருவேன் போலுக்கே!” அவருடைய எட்டடிப் பலகை சாய்தளமே இல்லை, சறுக்குமரம் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு துப்புரவுப் பணி செய்யும் அக்கா, கையில் விளக்குமாற்றோடு கேட்டார்: “அவரு ஏற முடியலைன்னா, மத்தவங்க இறங்க வேண்டியதுதானே?”

இறங்கினார்கள். மேடையைக் காலியாக விட்டுவிட்டு, தரையிலேயே மேசை போட்டார்கள். முழங்கால் நுழையும்படி அடியில் திறந்த மேசை, தாழ்த்திய மைக். நாற்காலிகளைப் பிறைவடிவில் திருப்பினார்கள். அதில் இன்னொரு லாபம்: சைகை மொழியில் பேசுகிறவர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்க்க முடிந்தது. கல்லூரி முதல்வருக்கு மட்டும் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. பொன்னாடை போர்த்தும் படம் தரையில் நின்றால் எடுபடாதாம்.

அடுத்து கதவு. சக்கர நாற்காலி தாராளமாக நுழைய 90 செ.மீ. வேண்டும். இங்கே இரட்டைக் கதவு. ஒரு பாதி எந்தக் காலத்திலோ தாழ்ப்பாள் போட்டபடியே துருப்பிடித்துக் கிடந்தது. தேங்காய் எண்ணெய், சுத்தியல், ஒரு கெட்ட வார்த்தை. திறந்துவிட்டது!

வாசலில் பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் மஞ்சள் நிறப் புடைப்பு ஓடுகள் பதித்திருந்தார்கள். ஜப்பானியர் செய்இச்சி மியாகே 1965இல் உருவாக்கிய யோசனை அது; நீளக் கோடு என்றால் நட, புள்ளி என்றால் கவனி. அருமையான ஓடுகள். அதன்மேல்தான் பூந்தொட்டி, அதன்மேல்தான் வரவேற்பு மேசை, அதன்மேல்தான் வண்ணக் கோலம்! கோலமிட்ட மாணவிகளுக்கு விஷயத்தைச் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டடி தள்ளி வேறொரு மயிலை வரைந்தார்கள். பழைய மயிலை விட இது அழகு.

மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையின் சாவி கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. உள்ளே உடைந்த நாற்காலிகள், சுருட்டிய ஃபிளெக்ஸ், வாளிகள். இதை விவரிக்க வேண்டாம். உங்கள் அலுவலகத்திலும் இதே கதைதான்.

எனக்குப் பிடித்த அறை பிரெயில் அறை. நிகழ்ச்சி நிரலை விரலால் தடவிக் காட்டினார் அந்தப் பார்வையற்ற ஆசிரியர். ஆறே புள்ளிகளில் தமிழ். கொம்பும் காலும் கிடையாது. ‘கை’ என்றால் ‘க’வுக்குப் பின்னால் ‘ஐ’. மெய்யெழுத்துக்குப் புள்ளி தலையில் இல்லை, எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கும். நான் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கும்போதே, யாரோ ஒரு பையன் அந்தத் தாள்கட்டின் மேல் விருந்தினர் நினைவுப்பரிசுப் பெட்டியைத் தொப்பென்று வைத்தான். “டேய், எழுத்து நசுங்கிரும்!” இப்படி ஒரு அலறலை வேறு எந்த அச்சுக்கூடத்திலும் கேட்க முடியாது.

சைகை மொழிபெயர்ப்பாளர்கள் இருவர். ஒருவரே நாள் முழுக்கச் செய்தால் கையும் மூளையும் சோர்ந்துவிடும் என்பதால் மாறி மாறி நிற்பார்கள். பேச்சுகளை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொண்டு, ‘பின்நவீனத்துவம்’ என்ற சொல்லின் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். (காது கேட்கிறவர்களுக்கும் அது அப்படித்தான் என்று ஆறுதல் சொன்னேன்.) திரையில் படம் ஓடும்போது விளக்கை முழுதாக அணைக்கக் கூடாது, அணைத்தால் தங்கள் கைகள் தெரியாது என்று மின்பணியாளரிடம் மூன்று முறை சொன்னார்கள். அவர் ‘சரிங்க’ என்று தலையாட்டிவிட்டு, ஒத்திகையில் அணைத்தார்.

இரவு எட்டு மணிக்குப் பேராசிரியை என்னிடம் ஒரு தாளைக் காட்டினார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. அவற்றில் எத்தனைக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று டிக் அடித்திருந்தார். பாதிகூட இல்லை. சட்டம் வந்து இத்தனை ஆண்டு ஆனபிறகும், பதிவுப் படிவத்தில் ‘உங்களுக்கு என்ன ஏற்பாடு வேண்டும்?’ என்ற ஒரு வரியை இந்தக் கருத்தரங்கத்துக்குத்தான் முதன்முறையாகச் சேர்த்தார்களாம்.

கருத்தரங்கம் நடத்தப் போகிறவர்களே, அழைப்பிதழ் அடிக்கும் முன் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். அப்படியே அந்தக் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.