மாரிக்குப்பத்து ஜனங்கள்

நுங்கம்பாக்கத்து வான ஆராய்ச்சி நிலையத்தில் 1805 முதல் சில ஆண்டுகள் பொறுப்பு வகித்த ஜான் வாரன் என்ற பட்டாளத்து அதிகாரியைச் சென்னைவாசிகள் நினைவுகூர்வதானால், இந்நகரின் தீர்க்கரேகையைக் கணித்தவர் என்றோ, நமது பஞ்சாங்கக் கணித முறைகளை ஆராய்ந்து 1825இல் ‘கால சங்கலித’ என்னும் பெருநூலை வெளியிட்டவர் என்றோதான் நினைவுகூர்வார்கள். ஆனால் அவர் நட்சத்திரங்களை அண்ணாந்து பார்க்க வருவதற்கு முன்னர், திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் ராஜ்ஜியத்தின் எல்லையை அளக்கப் போன இடத்தில், மண்ணில் பொன் கிடைப்பதாகக் கேள்விப்பட்டு, அதைக் காட்டுவோருக்கு வெகுமதி தருவதாக அறிவித்தார். அதனால் ஒரு குக்கிராமம் சரித்திரத்தில் ஏறிற்று. கோலார் தங்கவயலைச் சேர்ந்த மாரிக்குப்பமே அது.

1802இல் அவ்வட்டாரத்தார் வண்டிகளில் மண்ணை ஏற்றிவந்து அவர் கண்ணெதிரே கழுவிப் பொன்துகளை எடுத்துக் காட்டினார்கள். அத்துடன் நில்லாமல், முப்பது நாற்பது அடி ஆழக் குழிகளில் இறங்கி, உடைத்த கல்லைக் கைக்குக் கை மாற்றி மேலே அனுப்ப, அதைப் பெண்கள் இடித்துப் பொடியாக்கிய தொழிலையும் வாரன் பார்த்து எழுதி வைத்தார். அத்தொழிலைச் செய்தவர்கள், ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஆதிதிராவிடர்கள். தங்கவயலைக் கண்டுபிடித்த பெருமையை வெள்ளைக்காரர் எவருக்கேனும் சூட்டுவது வழக்கமாகிவிட்டது. அது முதலில் இவர்களுக்கு உரியது என்பதே என் அபிப்பிராயம்.

நியூஸிலாந்து யுத்தத்தில் பணியாற்றிப் பின் பெங்களூரில் குடியேறிய லவேல் என்ற ஐரிஷ்காரர், வாரனின் பழைய குறிப்பைப் படித்துவிட்டு, 1875இல் மைசூர் அரசாங்கத்திடம் சுரங்கம் தோண்ட உரிமை பெற்றார். அவர் கையிலிருந்த பணம் அவ்வேலைக்குப் போதவில்லை. 1880க்குப் பின் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் ஸன்ஸ் என்னும் கம்பெனியார் வந்த பிறகே பொன் கிரமமாக வெளிவந்தது. அதன்பின் காரியங்கள் துரிதமாக நடந்தன; பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில் பாதை போடப்பட்டது; 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறக்குறைய தொண்ணூறு மைல் தூரத்துக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான்.

இத்தனைக்கும் ஆள் எங்கிருந்து வந்தது? வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ச் சீமைகளிலிருந்து, பஞ்சத்தாலும் பண்ணை அடிமைத்தனத்தாலும் நொந்துபோன தமிழ்க் குடும்பங்கள், கூலி காசாகக் கிடைக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் மூட்டை முடிச்சுகளோடு வந்து சேர்ந்தன. ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் பங்களாக்களும் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் அமைந்த அதே பூமியில், இவர்களுக்குக் கிடைத்தவை ‘லைன்’ என்று வழங்கிய வரிசைகளில், மூங்கில் தட்டி வைத்த குடிசைகள். நிலத்துக்குக் கீழே இரண்டு மைல் ஆழம் வரை போன அச்சுரங்கங்களில் உஷ்ணம் தாங்க முடியாதது. அழுத்தம் மிகுந்த பாறை திடீரென வெடித்துச் சிதறி உயிர்களை வாங்குவதும் உண்டு. வெடிக்காத நாளிலும் கல்தூசி நுரையீரலில் படிந்துகொண்டேயிருந்தது. 1940களில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்த வைத்தியர்கள், நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் ஸிலிகோஸிஸ் நோய் கண்டிருப்பதாக அறிவித்தார்கள். தியாகராய நகரின் கடைகளில் நகை வாங்கிக்கொண்டு ஆழ்வார்பேட்டைக்குத் திரும்பும் நம்மில் எவருக்கும் இந்தக் கணக்கு ரசீதில் தெரிவதில்லை.

ஆயினும் இந்த ஜனங்களை வெறும் பரிதாபத்துக்குரியவர்களாகச் சித்திரிப்பது அநியாயம். ஆழ்வார்பேட்டைக்கு அடுத்த இராயப்பேட்டையிலிருந்து 1907இல் பத்திரிகை தொடங்கிய அயோத்திதாச பண்டிதரின் பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் கிளை விட்டது. சுரங்கக் கூலியின் ஒரு பங்கைக் கொடுத்து அதை வளர்த்தவர்கள் அந்தத் தொழிலாளர்களே. பண்டிதர் காலமான பின், அவருடைய ‘தமிழன்’ பத்திரிகையை 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மறுபடியும் நடத்தினார். சென்னையில் நின்றுபோன ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குக் கன்னட நாட்டுச் சுரங்கவாசிகள் மறுவாழ்வு கொடுத்தார்கள் என்பது நம் பத்திரிகைச் சரித்திரத்தில் உரிய இடம் பெறாத செய்தி. தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிய வேண்டுமென்று 1930இல் கம்பெனியார் உத்தரவிட்டபோது, தங்களைக் குற்றவாளிகளாக நடத்துவதா என்று கொதித்தெழுந்து மூன்று வாரம் வேலையை நிறுத்தியவர்களும் இவர்கள்தாம்.

ஜனத்தொகைக் கணக்கைப் பார்ப்போம். 1901இல் தங்கவயலில் ஏறக்குறைய 38,000 பேர் இருந்தார்கள். 1951இல் அது 1,59,000 ஆயிற்று. பொன் அருகத் தொடங்கி, 1956இல் மைசூர் அரசாங்கமும் 1962இல் மத்திய அரசாங்கமும் சுரங்கங்களை ஏற்றுக்கொண்ட காலத்தில் ஜனங்கள் குறைந்து, 1971இல் 1,19,000 பேரே எஞ்சினர். எண்ணூறு டன்னுக்கு மேல் பொன் கொடுத்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. ஊர் பாழாகும் என்றுதான் எவரும் எண்ணுவார். மாறாக, 2011 கணக்கில், தங்கவயலைக் குறிக்கும் ராபர்ட்சன்பேட்டை நகரத்தின் ஜனத்தொகை 1,62,000ஐ எட்டியிருந்தது!

இதற்குக் காரணம் பொன்னுமல்ல, அரசாங்கத்தின் கருணையுமல்ல. சுரங்கத்துக்கென்று போட்ட அந்த ரயில் பாதைதான். விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூரில் கட்டட வேலையோ காவல் வேலையோ கணினி உத்தியோகமோ பார்த்துவிட்டு இருட்டியபின் வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பாட்டன் பூமிக்குள் இறங்கிய நேரத்தில் பேரன் ரயிலில் ஏறுகிறான். வாடகை மலிவு, உறவும் சுடுகாடும் கோவிலும் இங்கேயே, தமிழ் பேச இடமுண்டு. பெங்களூரில் குடியேற இவர்கள் தயங்குவதில் வியப்பில்லை.

பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய ‘சயனைடு மேடுகள்’ பதின்மூன்று, ஏறக்குறைய 3.3 கோடி டன் கழிவுடன், சினிமாக்காரர்கள் படம் பிடிக்கவும், கோடைக்காற்றில் தூசி பறக்கவும் இன்னும் அங்கே நிற்கின்றன. அக்கழிவை ஏலம் விட்டு அதில் மிஞ்சிய பொன்னை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024இல் கர்நாடக அமைச்சரவை சம்மதம் தெரிவித்தது. ஏலத்தில் வரும் பணத்தைப் பங்கிடுமுன், கம்பெனி வீடுகளில் தலைமுறைகளாக வசித்தும் பட்டா இல்லாமல் இருக்கும் பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு அவ்வீடுகளை எழுதிக் கொடுத்துவிடுவதே முறை.