சொல்லக் கூசும் தொல்லை

மலைக்கோட்டைப் படியேறும்போது பாதி வழியிலேயே, "நீங்கள் போய் வாருங்கள்" என்று உட்கார்ந்துவிடும் மாமிகளைப் பார்த்திருப்பீர்கள். முழங்கால் வலி என்பார்கள். சிலருக்கு உண்மைக் காரணம் வேறு. இருமினாலும் தும்மினாலும் படியேறினாலும் சிறுநீர் கசிந்துவிடும். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி வரிசைக்குப் பயந்து, முதல் நாளே தண்ணீரை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. காவிரிக் கரையில் இருந்துகொண்டு தாகத்தோடு தவிக்க வேண்டுமா?

வயதானால் இப்படித்தான் என்று சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. பிள்ளைப் பேற்றாலும், மாதவிலக்கு நின்ற பிறகும், சிறுநீர்ப்பையைத் தாங்கும் தசைகள் தளர்ந்துவிடுகின்றன. அவ்வளவுதான்.

முன்பெல்லாம் ஆபரேஷன் என்றால் வயிற்றைக் கீற வேண்டும். 1961-ல் அமெரிக்க டாக்டர் பர்ச் வகுத்த முறையில், சிறுநீர்ப்பையின் கழுத்தை இரு பக்கமும் தையலிட்டுத் தூக்கி நிறுத்தினார்கள். 1996-ல் ஸ்வீடன் டாக்டர் உல்ம்ஸ்டென் எளிய வழி ஒன்றை வெளியிட்டார். மரத்துப்போக ஊசி போட்டு, சிறு கீறல் வழியே, சிறுநீர்த் தாரையின் அடியில் செயற்கை இழை நாடாவைத் தொட்டில் போலப் பொருத்துவது. உலகமே வரவேற்றது.

ஆனால் சில பெண்களுக்கு நாடா உள்ளே உறுத்தித் தீராத வலி தந்தது. புகார்கள் பெருகி, 2018-ல் இங்கிலாந்தில் அதை நிறுத்தி வைத்தார்கள். விளைவு? பர்ச் முறையும், நோயாளியின் சொந்தத் தசையுறையிலிருந்து எடுத்த பட்டையை வைத்துத் தாங்கும் முறையும் மீண்டும் மதிப்புப் பெற்றன.

இன்று முதல் சிகிச்சை கத்தியே அல்ல. 1948-ல் டாக்டர் கெகல் சொன்ன பயிற்சிதான். சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசைகளை இறுக்கிப் பிடித்துத் தளர்த்துங்கள். எட்டுப் பத்து முறை, தினம் மூன்று வேளை, மூன்று மாதமாவது. அடுப்படியில் நின்றபடியே செய்யலாம்! அடக்க முடியாத அவசரம்தான் தொல்லை என்றால் அது வேறு வகை. காப்பியைக் குறைப்பதும் மருந்தும் பெரும்பாலும் உதவும். சிறுநீரில் ரத்தம் கண்டாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவில் கூச்சமின்றிக் கேளுங்கள். ஆபரேஷன் என்றால், "நாடாவா, சொந்தத் தசையா? பின்னால் என்ன தொந்தரவு வரலாம்?" என்று விசாரித்த பிறகே சம்மதம் சொல்லுங்கள். உடம்பு உங்களுடையது அல்லவா?