மடக்கொம்பரைக்குத் திரும்பிய பேனா

கொழுந்துக்கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளுகிற பெண்ணுக்குப் பாட்டு வரும். எழுதிவைக்க மூன்றாவது கை ஏது? நிறுவைக்குள் கூடை நிறைய வேண்டும், குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். இலங்கை மலையகத்துப் பாட்டுகள் நூறு வருஷத்துக்கு மேல் வாயிலேயே வாழ்ந்தது அதனால்தான்.

அவற்றைத் தேடிப் போய் எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1914-இல் பூண்டுலோயா மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தார். பெரிய கங்காணி வீட்டுப் பிள்ளை. கொழும்பு நாளந்தாக் கல்லூரிப் படிப்பு, ஆங்கிலத்தில் கவிதை, மனம் நிறையத் தாகூர். லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், பிள்ளைகள் கனவிலும் காணாத வாழ்க்கை அது. அப்படியே கொழும்பில் தங்கியிருக்கலாம். தங்கவில்லை.

1947-இல் தலவாக்கலைத் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மறுவருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. அவரை அனுப்பிய மக்கள் நாடற்றவர்களானார்கள். தோட்டத்து வாழ்வைப் பாடிய அவருடைய ஆங்கில நெடுங்கவிதையைச் சக்தீ பால ஐயா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழில் தந்தார். சி.வி. என்றதும் எல்லோரும் சொல்வது அந்தக் கவிதையைத்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அதற்குப் பிறகு அவர் நடந்த நடை. தொழிற்சங்க வேலையாகத் தோட்டம் தோட்டமாகப் போனவருடைய காது மாறியது. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கங்காணியை ஏசுகிற பாட்டு எல்லாம் அவருக்கு இலக்கியமாகக் கேட்டன. நாவல்களின் பெயர்களைப் பாருங்கள்: ‘வாழ்வற்ற வாழ்வு’, ‘வீடற்றவன்’, கடைசியில் ‘இனிப்பட மாட்டேன்’. இல்லாததைச் சொல்லிச் சொல்லி வந்த குரல், முடிவில் மறுத்துப் பேசுகிறது. அந்தக் குரல் கைகூட அவருக்கு ஓர் ஆயுள் தேவைப்பட்டது.

‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ தொகுப்பு 1983-இல் வந்தது. அடுத்த வருஷம் அவர் காலமானார். எழுபது வயது.

பூண்டுலோயாப் பக்கம் ஒரு லயத்தில், பேரனை மடியில் போட்டு ஒரு பாட்டி தாலாட்டுவதைக் கேட்டேன். நடுவில் ஓரிடம் வரவில்லை. நிறுத்தி, அடுப்படியில் இருந்த மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். மகளுக்கும் தெரியவில்லை.

“எங்கம்மா முழுசாப் பாடும் தம்பி,” என்றார். பிறகு தெரிந்த அடியையே திரும்பப் பாடிப் பிள்ளையைத் தூங்கவைத்தார்.