எருக்கஞ்செடியும் காமிராவும்

பட்டாம்பூச்சிகளைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்களில் அநேகர் முதலில் விசாரிப்பது காமிராவின் விலையைப் பற்றித்தான். ஆனால், எந்தப் பூச்சி எந்தச் செடியை நாடும், எந்த வேளையில் அது அசையாமல் உட்கார்ந்திருக்கும் என்பதை அறிந்தவருக்குச் சாதாரணக் கருவியே பெரும்பாலும் போதும். அதை அறியாதவர் எத்தனை உயர்ந்த லென்ஸைச் சுமந்து திரிந்தாலும், பூச்சி பறந்துபோன வெறும் இலையைத்தான் படமெடுத்து வருவார்.

சித்திரை, வைகாசியில் நம் கிராமத்துப் பக்கம் புல்பூண்டெல்லாம் காய்ந்து கிடக்கையில், வரப்போரத்தில் எருக்கு மட்டும் பச்சை மாறாமல் பூத்து நிற்கும். வெந்தய வரியன் என்னும் செம்மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சி அதன் இலைகளில் முட்டையிடுகிறது. எருக்கம்பாலிலுள்ள விஷத்தைப் புழுப்பருவத்திலேயே உண்டு உடலில் சேர்த்துக்கொள்வதால், பறவைகள் அதைத் தின்ன அஞ்சுகின்றன; அதனாலேயே அது அவசரமின்றித் தாழப் பறக்கிறது; புதிதாகக் காமிரா பிடிப்பவருக்கு இதைவிட வசதியான பூச்சி கிடையாது. விஷமற்ற வேறொரு ஜாதியின் பெண் பூச்சி இதன் வேஷத்தையே பூண்டு பறவைகளை ஏமாற்றித் திரிவதும் உண்டு. பின்சிறகின் நடுவில் மூன்று அல்லது நான்கு கரும்புள்ளிகள் இருந்தால் அது வெந்தய வரியன். முன்விளிம்பை ஒட்டி ஒரே புள்ளி இருந்தால் அது வேஷதாரி. பறக்கும்போது கண்ணுக்குத் தப்பிவிடும் இந்த வேற்றுமையைத் தெளிவான படம் ஒரு நொடியில் காட்டிக்கொடுக்கும்.

பூச்சிகளின் உடலுஷ்ணம் பெரும்பாலும் வெளியிலிருந்தே கிடைக்கவேண்டும். ஆகையால் சூரியோதயத்துக்குப்பின் சற்று நேரம் பட்டாம்பூச்சிகள் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும். உடல் சூடேறும்வரை அவற்றால் விரைந்து பறக்க இயலாது. சாய்வாக விழும் இளவெயிலும் அப்போது படத்துக்கு உகந்ததாயிருப்பதால், அந்த வேளையை உறங்கிக் கழிப்பவருக்குப் பிறகு துரத்தும் சிரமமே மிஞ்சும். உச்சிப்பொழுதில் குளக்கரைக்குப் போனால் தட்டான்களைக் காணலாம். வெயிலின் தாக்குதலைக் குறைத்துக்கொள்ளும் பொருட்டு, சில தட்டான்கள் வாலைச் செங்குத்தாகச் சூரியனை நோக்கி உயர்த்தி நிற்கும் காட்சி விசித்திரமானது. பல தட்டான்களுக்கு விரட்டினாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும் வழக்கம் உண்டு. எனவே பின்தொடர்ந்து ஓடாமல், குச்சியைக் குறிவைத்துச் சாவகாசமாகக் காத்திருப்பதே புத்திசாலித்தனம். கோடை மழை பெய்த மறுநாள், ஈரமணலில் உப்புச்சத்தை உறிஞ்ச ஆண் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக இறங்கும்போது, தரையில் படுத்தபடியே வெகு அருகில் நெருங்கலாம்.

பூச்சியின் கூட்டுக்கண் அசைவை உணர்வதில் மிகக் கூர்மையானது. ஆகவே நம் நிழல் அதன்மேல் விழாதபடி, தாழக் குனிந்து மெல்ல நகரவேண்டும். மாக்ரோ லென்ஸால் பூச்சியைப் பெரிதாக எடுக்கையில், தெளிவாக விழும் பரப்பின் ஆழம் ஓரிரு மில்லிமீட்டருக்குமேல் இராது. சிறகுகள் மூடியிருந்தால் அவற்றுக்கு நேர் இணையாகக் காமிராவைப் பிடித்தால்தான் சிறகின் ஓரம்வரை துலக்கமாக வரும். எப்படி எடுத்தாலும் கண் மங்கிய படம் உயிரற்றதாகவே தோன்றும்.

அசையாதிருக்கவேண்டுமென்று பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரக்கச்செய்து படமெடுப்பவரும் உண்டு. அது கலையல்ல, கொடுமை. படமெடுப்பவர்கள் முட்டையும் புழுவும் இருக்கும் கிளைகளை ஒடிக்காதிருக்கவேண்டும். நிலமுடையோர் வரப்போரத்து எருக்கைக் களையென்று அடியோடு வெட்டாமல் ஒன்றிரண்டையாவது விட்டுவைக்கவேண்டும். செடி போய்விட்டால் பூச்சியும் போய்விடும். பிறகு எந்தக் காமிராவாலும் பயனில்லை.