வீட்டு ஒலிப்பதிவுக்கூடம்

வீட்டு ஒலிப்பதிவுக்கூடம் என்பது வீட்டின் ஓர் அறையிலேயே குறைந்த செலவில் இசையைப் பதிவுசெய்ய அமைக்கப்படும் வசதி ஆகும். 1979இல் டாஸ்காம் நிறுவனம் வெளியிட்ட 'போர்ட்டாஸ்டுடியோ 144' என்னும் நான்கு தட கேசட் கருவி இதைப் பரவலாக்கியது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' (1982) இசைத்தொகுப்பு, படுக்கையறையில் இக்கருவியைக் கொண்டு பதிவானதே.

இன்று கணினி, ஆடியோ இண்டர்ஃபேஸ், ஒலிவாங்கி, காதை மூடும் ஹெட்போன் ஆகியவை போதும். ஆடாசிட்டி போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பலர் விலையுயர்ந்த ஒலிவாங்கியை வாங்கிவிட்டு அறையை மறந்துவிடுகின்றனர். வெறுஞ்சுவரின் எதிரொலி குரலோடு சேர்ந்து பதிவானால் பின்னர் அதை நீக்குவது கடினம். கண்டென்சர் ஒலிவாங்கி நுண்ணுணர்வு மிக்கது. மின்விசிறி ஓசையையும் தெருச் சத்தத்தையும்கூட விடாது. ஆகவே இத்தகைய அறைக்கு டைனமிக் வகையே ஏற்றது. அதை வாய்க்கு அருகில் வைத்துப் பாட வேண்டும்.

முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவதால் பெரிய பயன் இல்லை. அவை தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளை உறிஞ்சுவதில்லை, வெளிச்சத்தத்தையும் தடுப்பதில்லை. மெத்தையோ கனத்த போர்வையோ மேலானது. கார்டியாய்டு வகை ஒலிவாங்கி தன் முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் என்பதால், அதைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிட வேண்டும். துணிகள் நிறைந்த அலமாரி இருந்தால், அதைத் திறந்துவைத்து அதன்முன் நின்று பாடலாம்.