வாரம் ஆராய்ந்த மந்திரி

வாரத்துக்கு விட்ட நிலத்தில் உழுதவனுக்கு எவ்வளவு, உடையவனுக்கு எவ்வளவு என்பது களத்துமேட்டிலே தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரமென்று படித்தவர்கள் பலர் ஒதுக்கிவிட்ட காலத்தில், பிரான்ஸ் தேசத்து வாரச் சாகுபடியையே விஷயமாக எடுத்து ஆராய்ந்து, 1906-ஐ ஒட்டி டாக்டர் பட்டம் பெற்றார் ஆண்ட்ரியாஸ் ஹெர்மெஸ் என்னும் ஜெர்மானியர். நிலம் எவன் கையில், எந்த நியாயத்தின்பேரில் இருக்க வேண்டும் என்ற கேள்வி அதன்பின் அவரை விடவேயில்லை.

1878-ல் கொலோன் நகரில் பிறந்த ஹெர்மெஸ், விவசாய ஆசிரியராகவும் கால்நடை அபிவிருத்தி நிபுணராகவும் உழைத்தவர். காளையின் வம்சத்தையும் கறவையின் லட்சணத்தையும் கணக்கெடுத்துப் பழகிய அவர், முதல் உலக யுத்தத்துக்கு முந்தைய சில ஆண்டுகள் ரோமாபுரியிலிருந்த சர்வதேச விவசாய ஸ்தாபனத்திலும் பணியாற்றினார். யுத்தத்தில் தோற்றுப் பசியில் துவண்ட ஜெர்மனிக்கு 1920-ல் உணவு மந்திரியானார். பிறகு நிதி மந்திரி. இந்த இரண்டாவது உத்தியோகத்தில் அவருக்குக் கீர்த்தி சேரவில்லை என்பதை ஒளிப்பானேன்? 1923 ஜனவரியில் ஏறத்தாழ 18,000 மார்க்குக்குக் கிடைத்த ஒரு டாலர், அவர் பதவி விலகிய ஆகஸ்டில் பத்து லட்சத்தையும் தாண்டிவிட்டது.

பிறகு அவர் ரைபைசன் கூட்டுறவுச் சங்கங்களின் தலைமைக்கு வந்தார். ரைபைசன் என்ற பெயர் நமக்கும் அந்நியமானதன்று. குடியானவர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்று கடன் திரட்டிக்கொள்ளும் அந்த முறையை ஆராய்ந்துவரச் சென்னை ராஜதானி அரசாங்கம் 1890-களில் பிரடெரிக் நிக்கல்சனை ஐரோப்பாவுக்கு அனுப்பியதிலிருந்துதான் நம் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் பூர்வகதை தொடங்குகிறது.

1933-ல் நாஜிகள் ஹெர்மெஸைக் கைது செய்து, வகித்த பதவிகளையெல்லாம் பறித்தார்கள். கொலம்பியா அரசாங்கத்தின் ஆலோசகராகச் சில வருஷம் கடல் கடந்து இருந்தவர், குடும்பத்தை அழைத்துப்போக 1939-ல் ஊர் திரும்பினார். யுத்தம் மூண்டு வழி அடைபட்டது. ஹிட்லரைக் கவிழ்க்கத் திட்டமிட்ட கார்ல் கெர்டலரின் குழுவினர் தங்கள் மந்திரிசபையில் விவசாய இலாகாவை அவருக்கென்று குறித்துவைத்திருந்தார்கள். 1944 ஜூலை முயற்சி பாழாயிற்று, ஹெர்மெஸ் அகப்பட்டார். 1945 ஜனவரி 11-ல் மரண தண்டனை. மனைவி அன்னா விடாமல் போராடித் தண்டனையைத் தள்ளிப்போடச் செய்ய, அதற்குள் சோவியத் சேனை பெர்லினுக்குள் நுழைந்துவிட்டது.

தூக்குமேடைக்குக் குறிக்கப்பட்டிருந்தவர் சில வாரங்களில் அந்த இடிந்த நகரத்துக்கே சோறளக்கும் பொறுப்பை ஏற்றார். ரேஷன் அட்டைகளில் ஐந்து தரம். கடைசித் தரத்துக்கு நாளொன்றுக்கு ரொட்டி 300 கிராம், இறைச்சி 20 கிராம், கொழுப்பு 7 கிராம். பெர்லின் ஜனங்கள் அதற்குப் 'பரலோகச் சீட்டு' என்று பெயர் வைத்தார்கள்.

அவ்வாண்டு ஜூனில் பெர்லினில் கிறிஸ்துவ ஜனநாயகக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஹெர்மெஸ் முதன்மையானவர். 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகளை நஷ்டஈடு ஏதுமின்றிப் பறிமுதல் செய்து பங்கிடும் நிலச் சீர்திருத்தத்தைச் சோவியத் அதிகாரிகள் தங்கள் வசமிருந்த கிழக்குப் பகுதியில் கொண்டுவந்தபோது, நிலம் பிரிவதை அவர் ஆட்சேபிக்கவில்லை. நஷ்டஈடின்றி, நியாய விசாரணையின்றிப் பறிப்பதைத்தான் ஆட்சேபித்தார். அவருடைய மகன் பீட்டர் அப்போது சோவியத் யுத்தக் கைதி. அப்படியிருந்தும் தகப்பனார் இணங்கவில்லை. டிசம்பரில் தலைமைப் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். மகன் விடுதலை பெற 1950 ஆயிற்று.

மேற்கே போய் ஜெர்மன் விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவரான பின்னும் அவர் அடங்கியிருக்கவில்லை; தேசம் இரண்டாகப் பிரிந்தே கிடக்குமோ என்ற கவலையில், சொந்தக் கட்சிக்காரரும் மேற்கு ஜெர்மனியின் தலைமை மந்திரியுமான அடினாரின் மேற்குச் சார்புக் கொள்கையோடும் மல்லுக்கு நின்றார். 1964 ஜனவரியில் ஐபெல் மலைப்பகுதியில் அவர் காலமானபோது, கிழக்கே 1945-ல் குடியானவர்களுக்கென்று பங்கிட்டுக் கொடுத்த அந்த நிலங்கள், நான்கு வருஷங்களுக்கு முன்பே அநேகமாக முழுவதும் கூட்டுப்பண்ணைகளுக்குள் போய்ச் சேர்ந்திருந்தன.